வாசலைப் பார்த்த செருப்பு

என்னவர் ஆபீஸிலிருந்து வந்து, "ஜப்பானுக்கு மாற்றலாகியிருக்கு" என்று சொன்னபோது நான் முறுக்கு பிழிந்து கொண்டிருந்தேன். எண்ணெயில் விழ வேண்டிய முறுக்கு அடுப்பு மேடையில் விழுந்தது. "மீனைப் பச்சையாத் தின்பாங்களாமே!" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "அங்கே அடிக்கடி பூமி ஆடுமாமே!" என்றார் என் மாமியார். மயிலாடுதுறையைத் தாண்டிச் சென்னைக்குப் போனதே எனக்குப் பெரிய பிரயாணம். ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு 2009 ஜூன் மாதம் டோக்கியோவில் போய் இறங்கினோம்.

எங்களுக்கு ஜாகை கிடைத்த இடம் நிஷிகாசாய். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா என்ற வட்டாரத்தில் இருக்கிறது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே குடியேறினார்கள். அதனால் துவரம் பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் பஞ்சமில்லை. தோசாய் என்ற சுரங்க ரயில் அந்த ஊருக்குப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், சுரங்க ரயில் என்று பெயரே தவிர எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்போது அது பாலத்தின் மேல் ஓடும்!

ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. தீப்பெட்டிக்குள் இன்னொரு தீப்பெட்டியை வைத்த மாதிரி இரண்டு அறைகள். ஆனால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்!

செருப்புக்கும் திசை உண்டு

செருப்பை வெளியே கழற்றி விட்டு உள்ளே போவது நமக்குப் பிறவிப் பழக்கம். அதனால் இந்த ஒரு பாடத்திலாவது நூற்றுக்கு நூறு வாங்கி விடலாம் என்று நினைத்தேன். அதிலும் கோட்டை விட்டேன்!

ஜப்பானிய வீடுகளில் கதவைத் திறந்ததும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். 'கென்கான்' என்பார்கள். செருப்பு அதோடு சரி. மேலே ஏறினால் வீட்டுச் செருப்பு. பாய் போட்ட அறைக்குள் அதுவும் கூடாது, காலுறை மட்டும்தான். கழிவறைக்குத் தனிச் செருப்பு. என்னவரின் சிநேகிதர் வீட்டுக்கு முதல் முதல் விருந்துக்குப் போனபோது, நான் கழிவறைச் செருப்போடு கூடத்துக்கே வந்து ஜம்மென்று நின்றேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள், உடனே கூரையைப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மாள் மட்டும் மெதுவாக வேறு ஜோடியைக் கொண்டு வந்து என் முன்னே வைத்தாள். பூமி பிளக்காதா என்றிருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். கழற்றிய செருப்பை அப்படியே விட மாட்டார்கள். குனிந்து, திருப்பி, முனை வாசலைப் பார்க்கும்படி ஜோடி சேர்த்து வைப்பார்கள். என் பெண் பள்ளிக்கூடத்தில் இதைக் கற்றுக்கொண்டு வந்து, எங்கள் செருப்பையெல்லாம் தினமும் திருப்பி வைத்தாள். "செருப்பு எந்தப் பக்கம் பார்த்தால் என்னடி?" என்று கேலி செய்வேன்.

குறிலும் நெடிலும்

வந்து ஒரு மாதமாகியும் அக்கம்பக்கத்தார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நம் ஊரில் சாமான் இறங்கும்போதே, "எந்த ஊரு? எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டு, காபி கொண்டு வந்து விடுவார்களே! 'கல் நெஞ்சுக்காரர்கள்' என்று கடிதத்தில் அம்மாவுக்கு எழுதினேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அங்கே புதிதாகக் குடி வருகிறவர்கள்தான் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு என்று போய், ஒரு சின்னத் துண்டோ, பலகாரப் பெட்டியோ கொடுத்து, 'இனிமேல் எங்களைப் பார்த்துக் கொள்ளுங்கள்' என்று கும்பிட வேண்டுமாம். அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள், நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன்!

அசடு வழிய, துண்டு வாங்கிக் கொண்டு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினேன். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள், தனியாக இருப்பவர். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில், மரியாதையாக 'அத்தை' என்று கூப்பிட நினைத்து, "ஒபாஸான்" என்றேன். அவர் முகம் சுருங்கி விட்டது. 'ஒபஸான்' என்று குறிலாகச் சொன்னால் அத்தை. 'ஒபாஸான்' என்று நெடிலாக இழுத்தால் பாட்டி! தமிழில் குறில் நெடில் படித்து வளர்ந்த நானா இப்படிச் சொதப்ப வேண்டும்? குடும்பப் பெயரோடு 'ஸான்' சேர்த்துக் கூப்பிடுவதுதான் உத்தமம் என்று அப்புறம் தெரிந்து கொண்டேன்.

குப்பைப் பஞ்சாங்கம்

நம் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் மாட்டுவது போல அங்கே குப்பைக் காலண்டர். எரியும் குப்பைக்கு வாரம் இரண்டு நாள். எரியாததற்கு மாதம் இரண்டு நாள். பாட்டில், டப்பா, காகிதம் எல்லாவற்றுக்கும் தனி நாள். எதுவானாலும் காலை எட்டு மணிக்குள் கொண்டு போய் வைத்து, காக்காய் கிளறாமல் வலை போட்டு மூட வேண்டும். பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, காயவைத்துக் கட்டிப் போட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி வேறு, மேலே ஒட்டிய தாள் வேறு. "மாப்பிள்ளைக்குப் பாத்திரம் கழுவுவது போலக் கழுவுகிறாயே!" என்று என்னவர் சிரிப்பார்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. இந்தியக் கடையில் சொத்து விலை கொடுத்து ஒரு முழுத் தேங்காய் வாங்கி, குளியலறைத் தரையில் தட்டி உடைத்தேன். கொட்டாங்குச்சி கல் மாதிரி இருக்கிறதே என்று எரியாத குப்பையோடு வைத்து விட்டேன். சாயந்திரம் வாசலில் மணி அடித்தது. திறந்தால், பக்கத்து வீட்டு அம்மாள்! பிரசாதம் கொடுப்பது போல இரண்டு கையிலும் என் கொட்டாங்குச்சியை ஏந்திக் கொண்டு, குனிந்து வணங்கினார். இது சேராது என்று சீட்டு ஒட்டிக் குப்பை வண்டிக்காரர்கள் விட்டுப் போயிருந்தார்கள். யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கட்டடத்தில் கொட்டாங்குச்சிக்கு வேறு யார் சொந்தக்காரர்?

எனக்கு அழுகையே வந்து விட்டது. அவமானப்படுத்த வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் குப்பைக் கையேட்டை என் முன்னே விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். தேங்காய் அதில் இல்லை! உடனே வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டு, ரொம்ப நேரம் ஏதோ பேசினார். ரிசீவரை வைத்து விட்டு, தேர்வு முடிவு சொல்வது போல, "எரியும் குப்பை!" என்றார். இரண்டு பேரும் சிரித்து விட்டோம்.

மாமிசம் வேறு, மீன் வேறு!

எங்களுக்குச் சைவச் சாப்பாடு. "மாமிசம் வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டு போய் ஓட்டலில் சொன்னேன். சூப் வந்தது, சுவையாகத்தான் இருந்தது. விசாரித்தால், காய்ந்த மீன் சீவலைக் கொதிக்க வைத்த சாறு! அங்கே 'நிகு' என்றால் ஆடு, மாடு, கோழிதான். மீன் அந்தக் கணக்கில் வராது. நாம் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் ஊற்றுவது போல, அவர்கள் எதற்கும் 'தாஷி' என்ற அந்தச் சாற்றை ஊற்றுவார்கள். கொம்பு என்ற கடற்பாசியிலும், காய்ந்த காளானிலும் எடுக்கிற சைவ தாஷியும் உண்டு. அங்கே போகிற சகோதரிகள் 'மாமிசமும் வேண்டாம், மீனும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பழகிக் கொள்ளுங்கள்.

தனியாகப் போகும் குழந்தைகள்

2010 ஏப்ரலில் என் பெண் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே படிப்பு வருஷம் ஏப்ரலில்தான் ஆரம்பம். பெட்டி மாதிரி விறைப்பாக ஒரு முதுகுப் பை, அதுவே ஆறு வருஷத்துக்கும் வர வேண்டும். முதல் வகுப்புக் குழந்தை என்று தெரிய அதன் மேல் மஞ்சள் உறை, தலையில் மஞ்சள் தொப்பி. மதியச் சாப்பாட்டைக் குழந்தைகளே வெள்ளைத் தொப்பி போட்டுக் கொண்டு பரிமாறுவார்கள். (என் பெண்ணுக்கு மட்டும் வீட்டு டப்பா.) வகுப்பைப் பெருக்கித் துடைப்பதும் அவர்களே. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்காதவள் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறாள் என்று கேட்டு என் மாமியார் போனிலேயே கண் கலங்கினார்!

இதெல்லாம் போகட்டும். பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகள் தாங்களாகவே நடந்து போய்த் தாங்களாகவே வர வேண்டும் என்றார்களே, அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. பத்து நிமிஷ நடை. நடுவில் இரண்டு பெரிய சாலை.

"ஆறு வயசுப் பிள்ளையை எப்படிங்க தனியா விடறது? பெத்தவ நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா?" என்று சண்டை போட்டேன். "எல்லாக் குழந்தையும் போகுதே" என்றார் என்னவர்.

முதல் மூன்று நாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். அங்கே மூலைக்கு மூலை குளிர்பானம் விற்கும் இயந்திரம் நிற்கும். அதன் பின்னால் ஒளிந்து ஒளிந்து, துப்பறியும் கதையில் வருவது போல! நாலாம் நாள், சாலை முனையில் மஞ்சள் கொடி பிடித்து நிற்கும் பெரியவர் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். 'அம்மா, நீங்கள் வர வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். பல கடைகளிலும் வீடுகளிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பயந்த குழந்தை எப்போது வேண்டுமானாலும் அந்த வீட்டுக்குள் ஓடலாம் என்று அர்த்தம். மஞ்சள் தொப்பியைப் பார்த்தால் சைக்கிள்காரர்கூட வேகத்தைக் குறைத்தார். சாயந்திரமானால் கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு ஊர் முழுக்கக் கேட்கும். விளையாடும் குழந்தைகள் உடனே வீட்டுக்குக் கிளம்பி விடும். அதே ஒலிபெருக்கிதான் ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கை சொல்வதும். தினமும் மெட்டுப் போட்டால் அது வேலை செய்கிறதா என்றும் தெரிந்து விடுமல்லவா?

ஆனாலும் மனசு ஆறவில்லை. தினமும் அவள் வரும் வரை பால்கனியிலேயே நிற்பேன்.

கொலுவும் ஹினாவும்

அந்த வருஷ நவராத்திரிக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்கி, வேட்டி விரித்து, ஐந்து படி கொலு வைத்தேன். ஊரிலிருந்து கொண்டு போன மரப்பாச்சி ஜோடி மேல் படியில். பக்கத்து வீட்டு அம்மாளைச் சுண்டலுக்கு அழைத்தேன். உள்ளே வந்தவர் கையை வாயில் வைத்துக் கொண்டு அப்படியே நின்று விட்டார். "எங்களுக்கும் இருக்கிறது!" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. 2011 மார்ச் 3-ஆம் தேதி அவர் எங்களை அழைத்தபோதுதான் புரிந்தது. அன்று ஹினா பண்டிகை, பெண் குழந்தைகளுக்கான பண்டிகை. சிவப்புத் துணி விரித்த படிகள். மேல் படியில் ராஜா, ராணி ஜோடி. அடுத்த படியில் மூன்று தோழிகள், அதற்கடுத்து ஐந்து வாத்தியக்காரர்கள். நம் கொலுவேதான்! தின்னக் கொடுத்தது கலர் கலராக அரிசிப் பொரி. எங்களுக்காக மீன் சாறில்லாமல் சாதம் கலந்திருந்தார்.

பண்டிகை முடிந்ததும் பொம்மைகளை உடனே எடுத்து வைத்து விட வேண்டுமாம். இல்லாவிட்டால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகுமாம். "உங்க பெண்ணுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே?" என்றேன். "ஆமாம், செண்டாயில் இருக்கிறாள். இருந்தாலும் பழக்கம்" என்று சிரித்தார். மறுநாளே பொம்மைகள் பெட்டிக்குள் போய் விட்டன.

அந்த வெள்ளிக்கிழமை

2011 மார்ச் 11. மத்தியானம் 2 மணி 46 நிமிஷம். பள்ளி விட்டு என் பெண் வருகிற நேரம். நான் பால்கனிக்குப் போக எழுந்தேன், தரை நழுவியது. அதற்கு முன்னும் ஆடியிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்று விடும். இது நிற்கவில்லை. நிமிஷக் கணக்கில் ஆடியது. அலமாரிப் பாத்திரமெல்லாம் கொட்டியது. சாமி படம் விழுந்தது. மேஜைக்கடியில் உட்கார்ந்து, "பிள்ளை ரோட்டிலே இருக்கே, பிள்ளை ரோட்டிலே இருக்கே" என்று அதையே சொல்லிக் கொண்டிருந்தேன்.

கொஞ்சம் நின்றதும் கதவுக்கு ஓடினேன். என் செருப்பு வாசலைப் பார்த்து, ஜோடியாக, தயாராக நின்றது. காலையில் அவள் திருப்பி வைத்து விட்டுப் போனது. காலை நுழைத்ததுதான் தெரியும். லிஃப்ட் தானாகவே நின்று விட்டது. ஐந்து மாடியும் படியிலேயே ஓடினேன்.

அவள் வழக்கமாக வரும் தெருவில் அவள் இல்லை. குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் பார்த்தேன், இல்லை. கொடிக்காரப் பெரியவர் என்னைப் பார்த்ததும் கையை நீட்டிப் பூங்காவைக் காட்டினார். அங்கே மரம், சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்ட வெளியில் ஏழெட்டு மஞ்சள் தொப்பிகள். முதுகுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தன குழந்தைகள். நடுவில், கடைப் பையைக் கீழே போட்டு விட்டு, இரண்டு கையாலும் குழந்தைகளை அணைத்தபடி பக்கத்து வீட்டு அம்மாள். அவர் மடியில் என் பெண்.

நான் அலறிக்கொண்டு ஓடினேன். என் பெண் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, ஏன் ஓடி வரே? ஓடக் கூடாது! ஒ, க, ஷி, மோ!" என்றாள். தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே என்ற நாலு கட்டளையின் முதலெழுத்துகள். பள்ளிக்கூடத்தில் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

டோக்கியோவில் அன்று ரயில்கள் நின்று விட்டன. போனும் கிடைக்கவில்லை. ராத்திரி வரை பூமி விட்டு விட்டு ஆடியது. அந்த அம்மாள் எங்களோடேயே இருந்தார். பூகம்பம் வந்தால் காஸ் மீட்டர் தானாக அடைத்துக் கொள்ளும். எந்தப் பொத்தானை அழுத்தித் திறப்பது என்று காட்டிக் கொடுத்தார். நான் தயிர் சாதம் பிசைந்தேன், மூன்று பேரும் சாப்பிட்டோம். டெலிவிஷனில் வடக்குக் கடற்கரையில் கடல் ஊருக்குள் வருவதைக் காட்டினார்கள். அவர் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். நான் மணியைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

ஒன்பதரை மணிக்கு என்னவர் ஓதேமாச்சியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது. அரகாவா ஆற்றுப் பாலத்தின் மேல் ஜனங்கள் திருவிழாக் கூட்டம் போல, ஆனால் சத்தமே இல்லாமல் நடந்தார்களாம். அவரைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக் கொண்டு, "செண்டாய்க்குப் போன் கிடைக்கவில்லை" என்றார். அவ்வளவுதான்.

எனக்குச் சவுக்கால் அடித்தது போல இருந்தது. அவர் மகள் செண்டாயில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எட்டே நாள் முன்னால்தான் சொன்னார். ஆனால் அந்த ஆறேழு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. என் குழந்தை, என் புருஷன் என்றே இருந்து விட்டேன். அவர், தன் பெண்ணை நினைத்துக் கொண்டே என் பெண்ணை மடியில் வைத்திருந்தார்.

அன்று ராத்திரி போர்வையைத் தூக்கிக் கொண்டு நானும் என் பெண்ணும் அவர் வீட்டில் போய்ப் படுத்தோம். நான் எதுவும் பேசவில்லை, பேசுகிற அளவுக்குப் பாஷையும் வராது. அவர் கையைப் பிடித்துக் கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. மகள் வீடு கடலோரமில்லை, உள்ளே தள்ளி இருந்ததால் பிழைத்தது. அந்தப் பேரழிவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகப் பதினெட்டாயிரம் பேருக்கு மேல். எத்தனை வீடுகளுக்கு அந்தப் போன் வரவேயில்லையோ!

அந்த வாரம் கடைகளில் ரொட்டியும் பேட்டரியும் தீர்ந்து போயின. ஆனாலும் வரிசை கலையவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் எரியும் குப்பை வலைக்கடியில் இருந்தது. அதைப் பார்த்து இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

2014-ல் ஊருக்குத் திரும்பி விட்டோம். என் பெண் காலேஜ் முடித்து விட்டாள், எங்கே போனாலும் தனியாகத்தான் போகிறாள். நான் இன்னும் வாசலில் நிற்கத்தான் செய்கிறேன். 'பெத்தவ நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா?' என்று அன்று கேட்டேனே, பார்ப்பதற்கு ஆள் உண்டு. ஆனால் அப்படிப் பார்க்க நாமும் ஒருவராக இருக்க வேண்டும். இப்போது எங்கள் தெருவில் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும் நேரத்தில் நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடாவது வாசலில் இருப்பேன். யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, உள்ளே போகிற வரை ஒரு கண் வைப்பேன்.

நவராத்திரிக்கு நவராத்திரி அந்த அம்மாளுக்குக் கொலு போட்டோ அனுப்புகிறேன். மார்ச் 3-க்கு அங்கிருந்து ஹினா போட்டோ வருகிறது. செருப்பு விஷயமும் விட்டுப் போகவில்லை. உள்ளே நுழைந்ததும் குனிந்து, எல்லோர் செருப்பையும் வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். "ஜப்பான்காரி!" என்று கேலி செய்வார் மாமியார். செய்யட்டும்!